பளபளப்பும் பாதுகாப்பும்

பளபளப்பு வேறு, பாதுகாப்பு வேறு. இரண்டும் ஒருங்கே அமைந்த பொருளும் உண்டு. ஒன்றிருந்து மற்றொன்று இல்லாத பொருளும் உண்டு. பார்த்த அளவில் தெரிவது பளபளப்பு. பல நாள் கழித்துத் தெரிவது பாதுகாப்பு. முன்னதைக் காணக் கண் போதும். பின்னதைக் காணக் கண்ணோடு காலமும் வேண்டும். இவ்வேறுபாட்டை அறிந்துகொள்வதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. வீட்டு வாசலில் நிற்கும் காரே அதற்குப் போதிய பாடம் சொல்லும்.

மலேசியாவில் கார் செல்வர்க்கே உரியது என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. 1985ஆம் ஆண்டில் புரோட்டோன் சாகாவும், 1994ஆம் ஆண்டில் பெரோடுவா கஞ்சிலும் சாலைக்கு வந்த பிறகு, எளிய சம்பளக்காரரும் தவணை முறையில் கார் வாங்கத் தொடங்கினர். தவணை ஐந்தாண்டு, ஏழாண்டு, சிலருக்கு ஒன்பதாண்டு என நீளும். கடைசித் தவணையைக் கட்டி முடித்து, 'இனி இது நம்முடையது' என்று மூச்சு விடும் நாளில், வண்டியின் கூரையில் தோல் உரிந்தாற்போல வெள்ளைத் திட்டுகள் தோன்றியிருப்பதை எத்தனையோ வீடுகளில் காணலாம். எஞ்சின் நன்றாகத்தான் ஓடும். ஆயினும் வண்டியை விற்கச் சென்றால், வாங்குபவர் முதலில் பார்ப்பது அத்திட்டுகளைத்தான். ஆகவே வண்ணத்தைப் பேணுவது அழகுணர்ச்சியைச் சார்ந்த செய்தி மட்டுமன்று. உழைத்துச் சேர்த்த பொருளைக் காக்கும் செய்தியும் ஆகும்.

காரின் வண்ணம் என்று பொதுவாக வழங்கப்படுவது ஒரே பூச்சு அன்று. இரும்புத் தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு உண்டு. அதன்மேல் மேடுபள்ளங்களைச் சமன்செய்யும் இடைப்பூச்சு. அதன்மேல் சிவப்பு, நீலம் என்று கண்ணுக்குத் தெரியும் நிறப்பூச்சு. இக்காலக் கார்களில், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமே இல்லாத தெளிபூச்சு ஒன்று இருக்கும். மழையையும் வெயிலையும் முதலில் தாங்குவது இத்தெளிபூச்சே. அதன் தடிமன் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதரின் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரான் தடிமன் கொண்டது என்பதை எண்ணிப் பார்த்தால், வண்டியைக் காக்கும் கவசம் ஒரு தலைமயிரைவிட மெல்லியது என்பது விளங்கும். அது தேய்ந்தால் மீண்டும் வளராது. உரிந்துவிட்டால் எந்தக் குப்பியாலும் ஒட்ட வைக்க முடியாது. புதுப்பூச்சு அடிப்பதொன்றே வழி.

அம்மெல்லிய கவசத்திற்கு இந்நாட்டில் பகைவர் பலர். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பூச்சின் பிசினைச் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. மழைநீர் தகட்டின்மேல் நின்று வெயிலில் உலரும்போது, அதில் கரைந்துள்ள தூசும் உப்பும் வட்டக் கறையாகத் தங்கிவிடுகின்றன. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் தூசி, கடலோர ஊர்களின் உப்புக் காற்று, 1997ஆம் ஆண்டிலும் 2015ஆம் ஆண்டிலும் நாட்டையே மூடிய புகைமூட்டத்தின் நுண்துகள் ஆகியவற்றையும் இப்பட்டியலில் சேர்க்க வேண்டும். பறவையின் எச்சமோ தனிக் கொடுமை வாய்ந்தது. வெயிலில் சூடேறி இளகி விரிந்த தெளிபூச்சின்மேல் எச்சம் காய்ந்து இறுகுகிறது. மாலையில் பூச்சு குளிர்ந்து சுருங்கும்போது, எச்சத்தின் வடிவம் அதில் தடமாகப் பதிந்துவிடுகிறது.

இப்பகைவரை எதிர்க்கக் கடைகளில் குப்பிகள் அணிவகுத்து நிற்கின்றன. பெயர்கள் பல, உறுதிமொழிகளும் பல. ஆனால் தன்மையால் நோக்கினால் அவை இரண்டே வகையுள் அடங்கும். ஒன்று மெருகு, மற்றொன்று காப்பு. இவ்விரண்டு தமிழ்ச்சொற்களையும் தெளிவாகப் பிரித்து வைத்துக்கொண்டால், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மெருகு என்பது குறைப்பது. காப்பு என்பது சேர்ப்பது.

பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவது மெருகு. புளியின் அமிலம் மேலே படிந்த களிம்பைக் கரைக்கிறது. கூடவே தேய்ப்பதால் பித்தளையும் இம்மியளவு தேய்கிறது. பாட்டி காலத்துச் செம்புகளிலும் குடங்களிலும் வெட்டப்பட்ட பெயர்கள் இன்று தடவிப் பார்த்தாலும் தட்டுப்படாமல் மழுங்கிப் போயிருப்பதற்கு, ஆண்டுக்கணக்காக நடந்த அத்துலக்கலே காரணம். பனையோலைச் சுவடிகளுக்குப் பூச்சி அரிக்காமல் எண்ணெய் தடவி வைத்தார்களே, அது காப்பு. அங்கே எதுவும் குறையவில்லை. ஒரு படலம் சேர்ந்தது. காருக்குரிய மெருகுக் குழம்பில் அலுமினியம் ஆக்சைடு போன்ற மிக நுண்ணிய அரம்பொடி கலந்திருக்கும். அது கீறலின் கரைகளைத் தேய்த்து மட்டமாக்குகிறது. ஒளி சிதறாமல் திரும்புகிறது. கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிகிறது. அப்பளபளப்புக்கு விலையாகத் தெளிபூச்சில் சிறிது கழிகிறது. காப்பு வகைகளோ தேய்ப்பதில்லை. மெழுகோ, செயற்கைப் பாலிமரோ, சிலிக்காவோ ஒரு மெல்லிய படலமாக மேலே படிகின்றன. அப்படலம் மழையிலும் கழுவலிலும் தானே கரைந்து, தன் கீழுள்ளதைக் காக்க முயல்கிறது.

காப்பு வகைகளுள் பழமையானது மெழுகு. அதிலும் பெயர் பெற்றது கார்னவுபா மெழுகு. பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலைமீது அது படிகிறது. கடும் வறட்சியில் ஓலையின் ஈரம் ஆவியாகிவிடாமல் காப்பதற்கு அம்மரம் தானே சுரந்துகொள்ளும் போர்வை அது. ஏறத்தாழ 82 பாகை செல்சியஸ் வெப்பத்திற்கு மேல்தான் உருகும். இயற்கை மெழுகுகளுள் மிகக் கடினமானவற்றுள் ஒன்று. எங்கோ ஓர் ஓலை தன்னைக் காத்துக்கொண்ட மெழுகு, ஈப்போவிலும் கிள்ளானிலும் உள்ள கார்களுக்குப் போர்வையாகிறது.

வாங்குவோர் ஏமாறுவது மெருகுக்கும் காப்புக்கும் இடையில்தான். இரவுச் சந்தையில் அடிக்கடி காணக்கூடிய காட்சி ஒன்றுண்டு. வணிகர் ஒருவர் மங்கிப்போன பழைய கார்க் கதவு ஒன்றை மேசைமீது கிடத்தியிருப்பார். அதன் ஒரு பாதியில் குழம்பைத் தடவிச் சில நொடிகள் தேய்ப்பார். துணியை விலக்கியதும் அப்பாதி கண்ணாடிபோல் மின்னும். கூடியிருப்போர் வியப்பர். 'இதன் காப்பு ஓராண்டு நிற்கும்' என்று அவர் கூறும்போது யாரும் ஐயுறுவதில்லை. அவர் காட்டியதில் பொய் இல்லை. ஆனால் காட்டியது மெருகு; கூறியது காப்பு. மங்கிய தகட்டில் அரம்பொடி கலந்த எந்தக் குழம்பைத் தேய்த்தாலும் அவ்வாறே மின்னும். ஓராண்டு நிற்குமா என்பதைச் சில நொடிகளில் எவரும் காட்ட இயலாது.

அப்படியானால் உண்மையை எவ்வாறு அறிவது? பேராக் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் தமிழாசிரியர் ஒருவரின் வீட்டில் நடந்த சோதனை, இவ்வினாவிற்கு நேர்மையான விடை தேடிய முயற்சியாக அமைந்தது.

அவ்வீட்டில் பத்தாண்டு ஓடிய கருஞ்சிவப்பு நிற மைவி கார் ஒன்று இருந்தது. மூத்த மகள் ஆசிரியர் பயிற்சியை முடித்து வெளியூர்ப் பள்ளிக்குப் பணியேற்கச் செல்லவிருந்தாள். அக்காரை அவளிடமே கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. புதுக் கார் வாங்க வழியில்லை; இருப்பது இன்னும் பத்தாண்டு தாங்க வேண்டும். ஆசிரியரின் மைத்துனர், கடையில் விட்டுச் செராமிக் காப்புப் பூசிவிடுமாறு வற்புறுத்தினார். அதற்குக் கேட்ட தொகை ஆசிரியரின் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கக்கூடியது. படிவம் நான்கில் அறிவியல் பயிலும் இளைய மகள்தான், "வாங்குறதுக்கு முன்னால நாமே ஒப்பிட்டுப் பார்த்தா என்னப்பா?" என்று கேட்டாள்.

நான்கு பொருள்கள் வந்து சேர்ந்தன. தகர டப்பாவில் உறைந்த கார்னவுபா மெழுகு ஒன்று. பால்போல் வெளுத்த, மெருகும் மெழுகும் கலந்த நீர்மம் ஒன்று. செயற்கைப் பாலிமர்க் காப்பு ஒன்று. சிலிக்கா கலந்த தெளிப்பு வகை ஒன்று. சில, வீட்டில் முன்பே இருந்தவை. சில, பக்கத்து வீட்டாரிடம் சிறிதளவு கேட்டுப் பெற்றவை.

ஒப்பீடு என்பது நான்கையும் பூசிப் பார்ப்பது என்றே முதலில் வீட்டார் எண்ணினர். ஆனால் சிறிது சிந்தித்தபின் முறைகள் ஒவ்வொன்றாகப் பிறந்தன. முதலாவது, தொடக்கம் ஒன்றாக இருக்க வேண்டும். எஞ்சினை மூடும் பானெட்டும் மேற்கூரையும் ஒரே நாளில் கழுவப்பட்டன. விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்பட்ட துகள்கள், அதற்கென விற்கும் களி போன்ற கட்டியால் நீவி எடுக்கப்பட்டன. பழைய மெழுகும் எண்ணெயும் எஞ்சியிராதபடி, நீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் முழுவதும் துடைக்கப்பட்டது. அழுக்கான இடத்தில் ஒன்றையும் சுத்தமான இடத்தில் மற்றொன்றையும் பூசிவிட்டு, இதுவே சிறந்தது என்று தீர்ப்புக் கூறுவது முறையாகாது அல்லவா?

இரண்டாவது, இடத்தின் குணம் தீர்ப்பைக் கெடுக்கக் கூடாது. பானெட்டின் நடுப்பகுதிக்கு எஞ்சினின் சூடு மிகுதி. முன் ஓரத்தில் பூச்சிகள் மோதும். வீட்டு வாசலில் நிற்கும்போது ஒருபக்கம் நிழல் விழும். ஆகவே பானெட்டும் கூரையும் காகித ஒட்டுநாடாவால் தனித்தனியே ஐந்து பட்டைகளாகப் பிரிக்கப்பட்டன. எப்பட்டைக்கு எப்பொருள் என்பது சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யப்பட்டது.

மூன்றாவது, பார்ப்பவருக்குப் பெயர் தெரியக் கூடாது. விலை உயர்ந்த குப்பி எது என்று அறிந்த கண், அப்பட்டையில் இல்லாத மினுமினுப்பையும் காணும். இது மனித இயல்பு. இங்கிலாந்தின் ரோத்தாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர், 1935ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் தேநீர்ச் சோதனை ஒன்றை விளக்குகிறார். கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்பதைச் சுவைத்தே சொல்ல முடியும் என்கிறார் ஓர் அம்மையார். அதனை அறிய எட்டுக் கோப்பைகள் வைக்கப்படுகின்றன. நான்கில் பால் முதலில். நான்கில் தேநீர் முதலில். வரிசை அவருக்குத் தெரியாது. வெறும் ஊகத்தால் எட்டையும் சரியாகப் பிரிக்கும் வாய்ப்பு எழுபதில் ஒன்றுதான். மறைத்து வைத்துச் சோதித்தால்தான் அறிவுக்கும் ஊகத்துக்கும் வேறுபாடு தெரியும் என்பதே அதன் சாரம். ஆசிரியர் வீட்டிலும் அதுவே பின்பற்றப்பட்டது. பூசியவள் மூத்த மகள். பட்டைகளுக்கு எண் மட்டும் இடப்பட்டது. எண்ணுக்குரிய பொருளின் பெயரை அவள் ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டிப் பாட்டியிடம் கொடுத்துவிட்டாள். அளந்து குறித்தவள் இளையவள்.

நான்காவது முறைதான் எல்லாவற்றினும் இன்றியமையாதது. பட்டைகள் ஐந்து, பொருள்களோ நான்கு. ஐந்தாவது பட்டையில் எதுவும் பூசப்படவில்லை.

இதற்குத்தான் வீட்டில் எதிர்ப்பு எழுந்தது. "பிள்ளை வேலைக்குக் கொண்டுபோற வண்டி. ஒரு பக்கத்தை மட்டும் இப்படி வெறுமனே விடலாமா?" என்று பாட்டி வருந்தினார். அவ்வருத்தத்தில் நியாயம் உண்டு. தெரிந்தே ஒரு பகுதியைக் கவனியாமல் விடுவது பேணும் மனத்திற்கு உவப்பன்று. ஆனால் அப்பட்டை இல்லையேல் ஒப்பீடே இல்லை. நான்கும் நன்றாகத் தெரிந்தால், நான்கும் நல்லவை என்று பொருளா, எதுவுமே பூசாவிட்டாலும் அவ்வாறுதான் இருந்திருக்கும் என்று பொருளா? இதற்கு விடை கூறவல்லது அந்த வெறும் பட்டை ஒன்றே. கார் வண்ணம் செய்யும் நிறுவனங்கள் அமெரிக்காவின் தென் ஃபுளோரிடாவில் வண்ணம் பூசிய தகடுகளை ஆண்டுக்கணக்கில் வெயிலில் நிறுத்திச் சோதிப்பது வழக்கம். அங்கும் அதே வண்ணம் பூசிய தகடு ஒன்று வெயில் படாமல் உள்ளே வைக்கப்படும். எதனோடு ஒப்பிடுவது என்பதை முதலில் உறுதி செய்த பிறகே மாற்றத்தை அளக்க இயலும்.

அளப்பதற்குரிய கருவிகளும் எளியவையே. பளபளப்பை அளக்கத் தமிழ் எழுத்து அட்டை ஒன்று பட்டையின் அருகே செங்குத்தாக நிறுத்தப்பட்டது. தகட்டில் விழும் அதன் பிம்பத்தில் எத்தனை வரிகளைத் தெளிவாகப் படிக்க முடிகிறது என்று எண்ணப்பட்டது. நீரை விலக்கும் தன்மையை அளக்க மருந்துச் சொட்டுக்குழல் பயன்பட்டது. ஒரே அளவுள்ள சொட்டைக் கூரையின் தட்டையான பகுதியில் விட்டு, அது பரவிய அகலத்தை அளவுகோலால் அளந்தாள் இளையவள். நீரை விலக்கும் தகட்டில் சொட்டு தாமரையிலை நீர்போலக் குவிந்து நிற்கும், அகலம் குறையும். விலக்காத தகட்டில் பரந்து படியும், அகலம் மிகும்.

முதல் நாள் மாலையில் அண்டை வீட்டார் ஐவர் வந்து பார்த்தனர். நால்வர் இரண்டாம் எண்ணையே சிறந்தது என்றனர். எழுத்து அட்டையும் அதையே உறுதி செய்தது. சொட்டின் அகலமோ வேறு கதை சொன்னது. பூசப்பட்ட நான்கிலும் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். வெறும் பட்டையில் 8 மில்லிமீட்டர். அன்றே சோதனையை முடித்திருந்தால், இரண்டாம் எண்ணுக்குரிய குப்பி கைதட்டலோடு வென்றிருக்கும்.

சோதனை நான்கு மாதம் நடந்தது. கார் வழக்கம்போல் பள்ளிக்கும் சந்தைக்கும் ஓடியது. வாரம் ஒருமுறை ஒரே வகைச் சோப்பு நீரால் கழுவப்பட்டது. நான்காம் வாரத்தில் இரண்டாம் பட்டையின் பளபளப்பு குன்றத் தொடங்கியது. மறைந்திருந்த மெல்லிய கீறல்கள் மீண்டும் தலைகாட்டின. அக்கீறல்கள் நீங்கியிருக்கவில்லை, எண்ணெய்ப் பசையால் நிரப்பப்பட்டிருந்தன. பசை கழுவப்பட்டதும் பள்ளம் பள்ளமாகவே நின்றது. பத்தாம் வாரத்தில் நான்காம் பட்டையின் சொட்டு வெறும் பட்டையின் சொட்டைப்போலவே பரந்தது. முதலாம், மூன்றாம் பட்டைகளில் மட்டும் நான்காம் மாத முடிவிலும் சொட்டு ஓரளவு குவிந்து நின்றது. கூரைப் பட்டைகளும் பானெட்டுப் பட்டைகளும் ஏறக்குறைய ஒரே கதையைச் சொன்னதால், இது இடத்தால் வந்த வேறுபாடு அன்று என்பது தெளிவாயிற்று.

பாட்டி பத்திரமாக வைத்திருந்த உறை அப்போதுதான் பிரிக்கப்பட்டது. இரண்டாவது, பால்போன்ற நீர்மம். நான்காவது, கார்னவுபா மெழுகு. முதலாவது, சிலிக்காத் தெளிப்பு. மூன்றாவது, பாலிமர்க் காப்பு. நால்வர் கண்ணைக் கவர்ந்தது முதலில் வீழ்ந்தது. முதல் நாளில் யாரும் பொருட்படுத்தாத மூன்றாவது கடைசிவரை நின்றது.

இவ்விடத்தில் வீட்டார் வெற்றி முழக்கம் செய்திருக்கலாம். ஆனால் இளைய மகள் குறிப்பேட்டில் மற்றொரு தலைப்பையும் எழுதினாள்: 'இச்சோதனை சொல்லாதவை'. நீர் குவிந்து நிற்பது நீரை விலக்கும் தன்மையை மட்டுமே காட்டும். வெயிலைத் தடுப்பதை அது காட்டாது. நான்கு மாதத்தில் ஐந்து பட்டைகளுக்கும் இடையே நிற வேறுபாடு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. வெறும் பட்டைகூட வெளுத்துவிடவில்லை. புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருள்கள் தெளிபூச்சுக்குள்ளேயே ஆலையில் கலக்கப்படுகின்றன. வெயிலின் அழிவு ஆண்டுக்கணக்கில் நிகழ்வது. நான்கு மாதச் சோதனையை வைத்து அதைப்பற்றித் தீர்ப்புரைப்பது, இரவுச் சந்தை வணிகர் ஓராண்டுக்கு உறுதி கூறுவதைப் போன்றதே.

மற்றொரு செய்தியும் அக்குறிப்பேட்டில் உண்டு. தீபாவளியின்போது குடும்பத்தார் மூன்று நாள் வெளியூர் சென்றிருந்தனர். வீட்டு வாசலில் நின்ற காரின்மேல், வெறும் பட்டையிலும் அதை அடுத்திருந்த மூன்றாம் பட்டையிலும் பறவை எச்சமிட்டிருந்தது. திரும்பி வந்து கழுவியபோது இரண்டிலும் தடம் இருந்தது. மூன்றாம் பட்டையில் சற்று மங்கலாகவும் வெறும் பட்டையில் சற்று ஆழமாகவும் தெரிந்தது. ஆனால் காப்புப் பூசிய இடம் தப்பிவிட்டது என்று கூற இயலாது. காப்பு காலத்தைச் சிறிது நீட்டிக் கொடுக்கிறது, அவ்வளவே. எச்சம் விழுந்த சிறிது நேரத்தில் ஈரத்துணியை வைத்து ஊறவிட்டு எடுக்கும் கை, எந்தக் குப்பியைக் காட்டிலும் மேலானது.

மைத்துனர் விடவில்லை. கடைக்காரர் பூசும் செராமிக் காப்பு '9 எச்' கடினம் உடையது, வைரத்தை ஒத்தது, கீறலே விழாது என்றார். இங்கே ஒரு சொல்லைச் சற்று நின்று நோக்க வேண்டும். 9 எச் என்பது பென்சிலின் அளவு. பூச்சின்மேல் பல்வேறு கடினமுள்ள பென்சில்களை அழுத்தித் தள்ளி, எது கீறுகிறது என்று பார்க்கும் சோதனை ஒன்று தொழிற்சாலைகளில் உண்டு. பள்ளிக்குழந்தை எழுதுவது எச்பி. படம் வரைவோர் பயன்படுத்தும் மிகக் கடினமான பென்சில் 9 எச். அதற்கும் கீறாத பூச்சு 9 எச் எனப்படும். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவை முற்றிலும் வேறானது. அதில் வைரத்துக்கு 10. மணலில் நிறைந்துள்ள குவார்ட்சுக்கு 7. பென்சிலைத் தாங்கிய பூச்சு, மணல் படிந்த துணியால் உலர்ந்தவாறே துடைத்தால் கீறத்தான் செய்யும். செராமிக் காப்பு நீண்ட நாள் நிற்பது உண்மை. கழுவுதலை எளிதாக்குவதும் உண்மை. கல் தெறிப்பதையும் முரட்டுத் துணியையும் அது வெல்லும் என்பது அச்சொல்லிலிருந்து பெறப்படுவதன்று. ஒரே எண் இரண்டு அளவைகளில் இருந்தால், எந்த அளவை என்று கேட்பது கற்றவரின் கடமை.

இச்சிறு சோதனையில் ஆசிரியர்களும் மாணவர்களும் எண்ணிப் பார்க்கத்தக்கது ஒன்று உண்டு. பள்ளிகளில் ஒப்பீடு நாள்தோறும் நடக்கிறது. மாணவனை மாணவனோடும், வகுப்பை வகுப்போடும், பள்ளியைப் பள்ளியோடும் ஒப்பிடுகின்றனர். தொடக்கம் ஒன்றாக இருந்ததா என்று கேட்போர் சிலரே. வீட்டில் நூலடுக்கோடு வந்த பிள்ளையையும், தங்கையைத் தூக்கி வைத்துக்கொண்டு படித்த பிள்ளையையும் ஒரே தாளில் அளந்துவிட்டு, ஒன்று மின்னுகிறது, மற்றொன்று மங்கிக் கிடக்கிறது என்று கூறிவிடுகின்றனர். தேர்வுக்கு முதல்நாள் நெட்டுருப் போட்ட விடை, கீறலை நிரப்பிய எண்ணெய் போன்றது. முதல்நாள் மாலையில் அதுவே முதற்பரிசு பெறும். நான்காம் வாரத்தில் பள்ளம் பள்ளமாகத் தெரியும். கற்பித்தலின் பயனை அளக்க விரும்புவோர் மாணவரைச் சில மாதங்கள் கழித்து மீண்டும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நன்று.

ஆனால் காரின் பட்டைக்கும் பிள்ளைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஒப்பீட்டுக்காகத் தகட்டின் ஒரு பகுதியை வெறுமனே விடலாம். எந்தப் பிள்ளையையும் அவ்வாறு விடலாகாது. அதனால்தான் கற்பித்தலில் எது சிறந்தது என்று அறிவது, கார்ப் பூச்சில் எது சிறந்தது என்று அறிவதைக் காட்டிலும் அரிதாக இருக்கிறது. அரிது என்பதற்காக முதல் நாள் பளபளப்பையே தீர்ப்பாகக் கொள்வதும் தகாது.

சோதனைக்குப் பின் அவ்வீட்டார் செய்தவை எளியவை. ஐந்து பட்டைகளும் கழுவப்பட்டு, பானெட்டும் கூரையும் முழுமையாகப் பாலிமர்க் காப்புப் பெற்றன. கையால் பூசக்கூடிய அதனை ஆண்டுக்கு மூன்று முறை பூசினால் போதும் என்று கணக்கிட்டனர். அரம்பொடி கலந்த மெருகைத் தேவையின்றித் தொடுவதில்லை என்றும், தெளிபூச்சு ஒரு சேமிப்புக் கணக்கு, அதில் எடுக்கத்தான் முடியும், போட முடியாது என்றும் முடிவு செய்தனர். கடைக்குக் கொடுக்கவிருந்த தொகையில் ஒரு பகுதி, மூத்த மகள் குடியேறவிருந்த வாடகை வீட்டின் முன் நிழற்கூரை போடச் செலவாயிற்று. வெயிலைத் தடுப்பதில் நிழலுக்கு நிகரான குப்பி எதுவும் கடையில் இல்லை.

புறப்படும் நாளில் காரின் பின்புறத்தில் இரண்டு வாளிகள் வைக்கப்பட்டன. ஒன்று சோப்பு நீருக்கு. மற்றொன்று துணியிலுள்ள மணலை அலசி நீக்குவதற்கு. அவற்றோடு மென்மையான துணிகள் நான்கு இருந்தன. தங்கையின் குறிப்பேடும் உடன் சென்றது. அதன் கடைசிப் பக்கத்தில் அளவுகள் இல்லை. ஒரே ஒரு வரி எழுதப்பட்டிருந்தது: 'அடுத்த முறை யாராவது எதையாவது சிறந்தது என்று சொன்னால், எதனோடு ஒப்பிட்டு, எத்தனை நாள் கழித்து என்று கேள், அக்கா.'